குழந்தையின் வயதும் நீதிமன்றத்தின் நாட்காட்டியும்

ஏழு வயது நிரம்பாத குழந்தை தாயிடம் இருப்பதே அதற்கு நல்லது என்று மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அனுமானிக்கிறது. முஸ்லிம் அல்லாத குடும்பங்களுக்காக 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் அச்சட்டத்தின் 88ஆம் பிரிவு, 3ஆம் உட்பிரிவு அது. தந்தை தக்க காரணம் காட்டி அந்த அனுமானத்தை முறியடிக்கலாம். ஆயினும் வழக்கு தாய்க்குச் சாதகமான இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதே உட்பிரிவின் பின்பாதி வேறொன்று சொல்கிறது: பராமரிப்பைக் கைமாற்றிக் குழந்தையின் வாழ்க்கையைக் குலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல விதிகள். வழக்கு மூன்று மாதத்தில் முடிந்தால் இரண்டும் சேர்ந்து குழந்தையைக் காக்கும். மூன்று ஆண்டு இழுத்தாலோ குழந்தைக்கு ஏழு வயது கடந்து முன்பாதி பயனற்றுப் போகும். பின்பாதி, குழந்தையை முதலில் தூக்கிச் சென்றவருக்குத் துணையாகிவிடும். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது. தாமதம் மட்டுமே அதன் பயனைத் தலைகீழாக்கிவிடும்.

குழந்தைகளைக் காக்கச் சட்டம் போதவில்லை என்று இந்த நாட்டில் சொல்ல முடியாது. ஜாலான் டூத்தாவிலுள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்திலும், ஷா ஆலாம், கிள்ளான், பத்துமலையை அடுத்த செலாயாங் நீதிமன்றங்களிலும் குழந்தைகள் பல நிலைகளில் வந்து நிற்கிறார்கள். பெற்றோர் பிரியும்போது பராமரிப்பு வழக்கின் மையமாகிறார்கள். வீட்டில் வதைபட்டு மீட்கப்படும்போது அரசின் பாதுகாப்பைத் தேடி வருகிறார்கள். திருட்டிலோ கைகலப்பிலோ பிடிபட்டால் குற்றம் சாட்டப்பட்டவர்கள். பாலியல் கொடுமைக்கு ஆளானால் சாட்சிகள். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு; குழந்தையின் நலனே தலையாயது என்ற கொள்கை ஏதோ ஒரு வடிவில் அவை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அவற்றுள் சில உண்மையாகவே காக்கின்றன, சில காகிதத்தோடு நின்றுவிடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? சட்டம் எங்கே தனக்குத்தானே காலக்கெடு விதித்துக்கொள்கிறதோ அங்கே குழந்தை காக்கப்படுகிறது. எங்கே கெடு இல்லையோ அங்கே எவ்வளவு உயர்ந்த கொள்கையும் குழந்தையைக் கைவிட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருபத்து நான்கு மணி நேரம்

கெடு வேலை செய்யும் இடத்தை முதலில் பார்ப்போம். 1990இல் இரண்டு வயதே கடந்த ஓர் ஆண் குழந்தை வதைபட்டு இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. அதன் விளைவாக 1991இல் சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தையும் 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டத்தையும் 1973ஆம் ஆண்டுப் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒன்றாக்கியதே 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாரும் அதன் பார்வையில் சிறார்களே. பத்துமலைப் பக்கத்திலுள்ள செலாயாங் மருத்துவமனைக்கு உடம்பில் சூட்டுத் தழும்போடு ஒரு குழந்தை கொண்டுவரப்படுவதாக வைத்துக்கொள்வோம். கொடுமை நடந்திருக்கலாம் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால் மருத்துவர் உடனே சமூக நல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் அந்த மருத்துவர்மீதே குற்றம். குடும்ப உறுப்பினருக்கும் குழந்தைப் பராமரிப்பாளருக்கும் அடுத்த இரு பிரிவுகள் இதே கடமையை விதிக்கின்றன. அதிகாரியோ போலீசாரோ குழந்தையைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றுக்கொண்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் வேகத்தோடு முடிவதில்லை. அந்த 24 மணி நேரத்தில் நீதிமன்றம் எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிக்காமல் விடுகிறது என்பதும் முக்கியம். குழந்தையை அடித்தது யார், பெற்றோர் தகுதியற்றவர்களா, குழந்தை இறுதியில் யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை தேடப்படுவதில்லை. அவற்றுக்கு விசாரணை உண்டு, சமூக நல அதிகாரியின் அறிக்கை உண்டு, அதைப் படித்துப் பார்த்துத்தான் உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அன்றைக்கு நீதிமன்றம் விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றிரவு இந்தக் குழந்தை எங்கே தூங்கும்? உரிமை யாருக்கு என்ற பெரிய கேள்வியையும், குழந்தை இப்போது எங்கே இருக்க வேண்டும் என்ற அவசரக் கேள்வியையும் சட்டம் இங்கே பிரித்து வைத்துவிட்டது. பெரிய கேள்வி ஆற அமர நடக்கலாம். அவசரக் கேள்வி காத்திருக்கக் கூடாது. சிறார் சட்டத்தின் ஆகச் சிறந்த பங்களிப்பு இந்தப் பிரிப்புதான் என்பேன்.

குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கும் இதே தர்க்கம் பொருந்துகிறது. பத்து வயதுக்குட்பட்டவர் செய்யும் எதுவும் குற்றமாகாது; பத்திலிருந்து பன்னிரண்டு வரை, செயலின் விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்பது தண்டனைச் சட்டத்தின் நிலை. அதற்கு மேற்பட்ட சிறுவன் கைதானால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்கிறார்கள். ஒருவர் கட்டாயம் பெண். மற்ற நீதிமன்றங்கள் இருக்கும் கட்டடமானால் சிறாருக்குத் தனி வாசல் வேண்டும். பொதுமக்கள் பார்வையாளராக நுழைய முடியாது. சிறாரின் பெயரையோ படத்தையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். உத்தரவிடும் முன் நீதிமன்றம் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பெறுகிறது. சிறுவனின் பொதுவான நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு ஆகிய நான்கும் அதில் இருக்கும். தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்து அடுக்குமாடி வீடொன்றில் ஒடுங்கிய குடும்பம், இரண்டு வேலை பார்க்கும் தாய், படிவம் மூன்றோடு நின்றுபோன படிப்பு ஆகியவையெல்லாம் நீதிமன்றத்தின் காதுக்கு எட்டும் ஒரே வழி அந்த அறிக்கைதான். சிறாரைப் பொறுத்தவரை ‘குற்றத்தீர்ப்பு’, ‘தண்டனை’ என்ற சொற்களைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது 91ஆம் பிரிவு. ஒரு பிள்ளையின் பிழையை அவன் எதிர்காலம் முழுவதற்குமான முத்திரையாக்கிவிடக் கூடாது என்ற அக்கறை இந்த விதிகளில் எல்லாம் தெரிகிறது.

கெடு இல்லாத இடம்

இனிப் பராமரிப்பு வழக்குகளுக்கு வருவோம். மலேசியத் தமிழர் வீடுகளில் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டுவரும் வழக்குகள் இவை. இந்துக்களாக மணந்த தம்பதியரில் கணவர் பின்னர் இஸ்லாத்தைத் தழுவுகிறார். மனைவிக்குத் தெரியாமல் பிள்ளைகளையும் மதம் மாற்றுகிறார். ஷரியா நீதிமன்றத்தில் பராமரிப்பு உத்தரவு பெறுகிறார். மனைவி முஸ்லிம் அல்லாததால் அந்த நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சிவில் நீதிமன்றத்துக்குப் போகிறார். ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விவகாரங்களில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1988இல் கூட்டரசு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 121(1ஏ) விதி அங்கே குறுக்கே நிற்கிறது. ஒரே குழந்தைக்கு இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு உத்தரவுகள். பெரும்பாலும் இதை மதங்களுக்கிடையிலான மோதலாகவே பேசி வந்திருக்கிறோம். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது முதலில் காலத்தைப் பற்றிய வழக்கு.

ஷமலா சத்தியசீலன் வழக்கில் பிள்ளைகள் மதம் மாற்றப்பட்டது 2002 நவம்பரில். 2004இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் விட்டாலும், கூட்டுப் பராமரிப்பு என்று சொல்லித் தாயின்மீது சமயக் கட்டுப்பாடுகளை விதித்தது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்றலாமா என்ற அடிப்படைக் கேள்வி கூட்டரசு நீதிமன்றத்தைச் சென்றடைந்து 2010 நவம்பரில் முடிவுக்கு வந்தபோது, தாய் பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போய்விட்டிருந்தார். நீதிமன்ற உத்தரவை மீறி வெளிநாட்டில் இருப்பவரின் கேள்விகளுக்கு விடை தர முடியாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. எட்டாண்டு வழக்காடியும் கேள்வி கேள்வியாகவே நின்றது. இதற்கிடையே 2007 டிசம்பரில் சுபாஷினி ராஜசிங்கம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோரில் ஒருவரே பிள்ளையை மதம் மாற்றலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியிருந்தது.

ஈப்போவின் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அதன் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தவர்கள் குறைவு. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் பெற்று, பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிச் சென்றார். 2010 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளின் பராமரிப்பையும் தாயிடம் ஒப்படைத்தது. 2013 ஜூலையில் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2014 மே மாதம் தந்தையைக் கைது செய்ய ஆணை பிறப்பித்தது. இரண்டு நீதிமன்றங்களின் முரண்பட்ட உத்தரவுகளுக்கு நடுவே சிக்கியிருப்பதாகக் கூறிப் போலீஸ் செயல்படாமல் இருந்தது. போலீஸ் படைத் தலைவர் அந்த ஆணையை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. சான்றிதழ் வழக்கிலும் தாய் 2015 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றிருந்தார்; 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி ஜைனுன் அலி எழுதிய அந்தத் தீர்ப்பு, இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்பதையும், நிர்வாகச் செயல்களைச் சீராய்வு செய்யும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தை யாரும் பறிக்க முடியாது என்பதையும் உறுதிப்படுத்தியது. மலேசியச் சட்ட வரலாற்றின் தலைசிறந்த தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது வந்த நாளில் அந்தக் கைக்குழந்தைக்கு வயது பத்தை நெருங்கியிருந்தது. குழந்தை தாயின் கைக்கு வந்தபாடில்லை. அரசும் போலீஸும் கடமை தவறியதாகத் தாய் தொடுத்த நட்ட ஈட்டு வழக்கையும் 2024 ஜூனில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திருமணச் சட்டத்தின்படி பராமரிப்பு உத்தரவு பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது முடிந்துவிடும். 2008இல் பிறந்த அந்தப் பெண் பிள்ளைக்கு 2026இல் அந்த வயது. தாய் வழக்கில் வென்றார். ஒரு குழந்தைப் பருவம் முழுவதும் அந்த வெற்றிக்கு வெளியே கழிந்தது.

தாமதம் குழந்தையின் மனத்தையே எப்படி மாற்றியமைக்கிறது என்பதற்குச் சிரம்பானின் தீபா சுப்பிரமணியம் வழக்கு சான்று. 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மகன், மகள் இருவரையும் தாயிடம் ஒப்படைத்தது. இரண்டே நாளில் தந்தை மகனைத் தூக்கிச் சென்றார். சிறுவனுக்கு அப்போது ஆறு வயது. 2016 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், சிவில் சட்டத்தின்கீழ் பதிவான திருமணத்தின் பிள்ளைகளைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்துக்கே உண்டு என்று சட்டப் பிரச்சினையைத் தாய்க்குச் சாதகமாகத் தீர்த்தது. பராமரிப்பைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் விருப்பத்தை அறிந்து, மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் விட்டது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பது 88ஆம் பிரிவே சொல்வதுதான்; நீதிபதிகள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் ஆறு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டாண்டு தந்தையோடு மட்டுமே இருந்த ஒரு சிறுவனிடம் யாரோடு இருக்க விரும்புகிறாய் என்று கேட்டால், அந்த இரண்டாண்டுகளும் சேர்ந்துதானே பதில் சொல்லும்? உத்தரவை மீறிப் பெற்ற காலம் இங்கே சட்டப்படியான ஆதாரமாக மாறிவிடுகிறது. பிள்ளைகள் பிரிந்தார்கள், சட்டத்தை மீறியவர் ஒரு பிள்ளையோடு வழக்கை முடித்தார்.

இதற்கு நேர்மாறாக ஒரு சான்றும் உண்டு. லோ சியூ ஹோங் என்ற தாய், தமக்கு நீதிமன்றம் ஒப்படைத்த மூன்று பிள்ளைகளையும் மீட்க ஆட்கொணர்வு மனு போட்டார். 2022 பிப்ரவரி 21இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மனுவை ஏற்றது. பிள்ளைகள் தாயிடம் வந்து சேர்ந்தார்கள். தந்தை பெர்லிசில் அவர்களை மதம் மாற்றியது செல்லுமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் இரண்டாண்டு நடந்து, 2024 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் பெர்லிஸ் மாநில இஸ்லாமியச் சமய மன்றத்தின் மனுவை நிராகரித்தபோதுதான் ஓய்ந்தது. அந்த இரண்டாண்டும் பிள்ளைகள் தாயின் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனார்கள். ஏறத்தாழ ஒரே சட்டப் பிரச்சினை, இரண்டு விதமான குழந்தைப் பருவங்கள். ஆட்கொணர்வு மனு, அவசரக் கேள்வியைப் பெரிய கேள்வியிலிருந்து பிரித்துக் கொடுத்ததுதான் வேறுபாட்டுக்குக் காரணம்.

குற்றம் செய்த பிள்ளைக்கும் இதே கதி

நான் பாராட்டிய சிறார் சட்டத்துக்குள்ளேயே கெடு மறந்த இடங்கள் உண்டு. அங்கேயும் இதே விளைவைக் காண்கிறோம். 83ஆம் பிரிவின்படி, சிறாராக இருக்கையில் செய்த குற்றத்துக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு குற்றச்சாட்டுக் கொண்டுவரப்பட்டால் சிறார் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது; வேறு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கிள்ளானில் பதினேழரை வயதில் ஒரு சண்டையில் சிக்கிய இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். ஒருவன்மீது மறுவாரமே குற்றச்சாட்டு. அவனுக்குத் தனி வாசலும் பெண் ஆலோசகரும் மூடிய அறையும் கிடைக்கும். மற்றவனின் கோப்பு ஏழு மாதம் கிடப்பில் கிடந்தால் அவன் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிற்பான். சிறார் சட்டத்தின் உத்தரவுகள் சிலவற்றை அந்த நீதிமன்றமும் பிறப்பிக்கலாம் என்பது உண்மை. ஆயினும் இருவரின் செயலும் வயதும் ஒன்றாக இருக்க, பாதுகாப்பு மட்டும் கோப்பின் வேகத்தைப் பொறுத்து மாறுவது எந்த வகையில் நியாயம்?

97ஆம் பிரிவு இன்னும் கனமானது. சிறாருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று அது சொல்வது நாகரிகத்தின் அடையாளம். அதற்குப் பதிலாக, மாமன்னரோ மாநில ஆட்சியாளரோ ஆளுநரோ விரும்பும் காலம்வரை சிறையில் வைக்கலாம் என்கிறது. பன்னிரண்டு வயதில், 2002இல், ஒரு கொலை வழக்கில் சிக்கிய சிறுவனை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 ஜூலையில் விடுவித்தது. தண்டனைக் காலத்தைத் தீர்மானிப்பது நீதித்துறையின் வேலை, அதை ஆட்சித் துறையிடம் கொடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்பது அதன் காரணம். அதே ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சிறுவன் மீண்டும் சிறைக்குப் போனான். இத்தகையோரின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற விதி அதே பிரிவில் இருப்பதால் நம்பிக்கைக்கு ஒரு கீற்று உண்டு. ஆனால் கொள்ளையடித்த பெரியவனுக்கு விடுதலை நாள் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. சீர்திருத்தம் என்பது நாள் எண்ணி எதிர்காலத்தைத் திட்டமிடுவதில் தொடங்குகிறது. எண்ண நாளே இல்லாதவனிடம் எதைச் சீர்திருத்துவது?

சாட்சியாக வரும் குழந்தையின் நிலையில் அரசு கற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சிறார் சாட்சிச் சட்டம், குழந்தை தன்னைத் துன்புறுத்தியவரின் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்தோ வேறோர் அறையிலிருந்து நேரலை மூலமோ சாட்சி சொல்ல வழி செய்தது. சம்பவத்துக்குப் பிறகு பதிவு செய்யப்பட்ட காணொளி வாக்குமூலத்தையும் ஏற்கலாம் என்றது. காணொளியின் பெரும்பயன் காலம் சார்ந்தது: ஆறு வயதில் சொன்னதை ஆறு வயதின் சொற்களிலேயே அது பாதுகாத்து வைக்கிறது. ஆனால் குறுக்கு விசாரணைக்குக் குழந்தை வரவேண்டும். வழக்கு மூன்றாண்டு கழித்து வந்தால், மறக்க முயன்றதை ஒன்பது வயதில் மீண்டும் நினைவுபடுத்த வேண்டும். இந்த அலைக்கழிப்பைக் குறைக்கத்தான் 2017 ஜூனில் புத்ராஜெயாவில் சிறாருக்கெதிரான பாலியல் குற்றங்களுக்கான தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது.

மறுப்புகள்

வேகம் நீதிக்குப் பகை என்பது முதல் மறுப்பு. தாய்தகப்பன் இருவருக்கும் தம் தரப்பைச் சொல்ல நேரம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆதாரங்களைச் சோதிக்க நேரம் வேண்டும். இது மறுக்க முடியாத உண்மை. ஆனால் இக்கட்டுரை கேட்பது இறுதித் தீர்ப்பில் அவசரத்தை அல்ல. தீர்ப்பு வரும்வரை குழந்தை எங்கே என்பதற்கு உடனடி விடையையும், அந்த விடையை நடைமுறைப்படுத்தும் கெடுவையும்தான் கேட்கிறது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், தாமதம் பொதுவாகக் குழந்தையின் நலனுக்குக் கேடு என்பதை முதல் பிரிவிலேயே கொள்கையாக எழுதிவைத்தது. குழந்தையை அரசுத் தரப்பின் பராமரிப்பில் வைக்கக் கோரும் வழக்குகளை 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்று 2014இல் கெடுவும் வைத்தார்கள். எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்படும் குழந்தைகளுக்கான 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் ஆறு வாரத்தைக் குறிக்கிறது; குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதில் அது தலையிடுவதில்லை, வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சிங்கப்பூரும் இலங்கையும் தாய்லாந்தும் சேர்ந்துள்ள அந்த ஒப்பந்தத்தில் மலேசியா இன்னும் சேரவில்லை.

கெடு வைத்தாலும் யாரும் மதிப்பதில்லை என்பது இரண்டாவது மறுப்பு. இந்தியாவின் போக்சோ சட்டம் ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. எண்ணற்ற வழக்குகள் அதைத் தாண்டிக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே கெடு எழுதினால் மட்டும் போதாது, மீறினால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். அதே இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது: சிறு குற்றங்களில் விசாரணை நான்கு மாதத்திலும், நீட்டித்த இரண்டு மாதத்திலும் முடியாவிட்டால் வழக்கே முடிவுக்கு வந்துவிடும். தாமதத்தின் சுமையைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி அரசின் தலையில் வைத்தால்தான் அரசு விரைந்து நடக்கும்.

மூன்றாவது மறுப்பு நம் நாட்டுக்கே உரியது. பிரச்சினை தாமதத்தில் இல்லை, இரண்டு சட்ட முறைமைகளின் மோதலில்தான் இருக்கிறது. அது அரசியல் தீர்வு காணும்வரை நீதிமன்றத்தின் வேகம் என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். அரசியல் தீர்வின் கதையும் நமக்குத் தெரியும். மணம் புரிந்தபோது இருந்த பொது மதத்திலேயே பிள்ளைகள் வளர வேண்டும் என்று 2009 ஏப்ரலிலேயே அமைச்சரவை அறிவித்தது. அதைச் சட்டமாக்கும் 88ஏ பிரிவு 2016இல் நாடாளுமன்றத்துக்கு வந்து, 2017 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பிரிவு இல்லாமலேயே திருத்தச் சட்டம் நிறைவேறியது. அரசியலுக்காகக் காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்து திருமணமே ஆகிவிடும். மேலும் குழந்தையின் வயதை மதிப்பது ஒரு தரப்பின் கோரிக்கையும் அன்று. கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் சிறு பிள்ளைகளின் பராமரிப்பில் தாய்க்கே முன்னுரிமை தருகிறது. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஒன்பது வயது என்று எல்லை வகுத்து, நீதிமன்றம் விரும்பினால் ஒன்பது, பதினொன்று வரை நீட்டிக்கவும் இடம் தருகிறது. வயதைக் கொண்டு குழந்தையின் தேவையை அளப்பதில் இரண்டு முறைமைகளும் ஒத்துப்போகின்றன. தாமதம் இரண்டின் நோக்கத்தையும் ஒருசேரத் தோற்கடிக்கிறது.

ஏழைக் குடும்பங்களின் சார்பில் எழும் நான்காவது மறுப்பே எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. வேகம் என்ற பெயரில் அரசு, வறுமையையே கொடுமை என்று எண்ணிப் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போய்விடாதா? வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத தாய் 24 மணி நேரத்தில் என்ன செய்வாள்? இந்த அச்சம் நியாயமானது. அதற்குப் பரிகாரம், குழந்தைக்கும் பெற்றோருக்கும் முதல் நாளிலிருந்தே வழக்கறிஞர் இருப்பதுதான். அரசின் கைக்குப் போன பிள்ளையை அடுத்த நாளே நீதிபதி பார்த்தாக வேண்டும் என்பதால் அந்தக் கெடு பெற்றோரையும் காக்கிறது. அதை எடுத்துவிட்டால் அதிகாரி சொன்னதே முடிவாகிவிடும்.

செய்ய வேண்டியவை

புதிய மாளிகை எதுவும் கட்டத் தேவையில்லை. சிறார் சட்டம் கண்டறிந்த முறையைக் குடும்ப நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றால் போதும். பராமரிப்பு மனு பதிவான இரண்டு வாரத்துக்குள், எந்த மதக் கேள்வியையும் தொடாமல், குழந்தை தற்போது எங்கே இருக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வரவேண்டும். மறு உத்தரவு வரும்வரை குழந்தையின் பெயர், மதம், பள்ளி எதையும் ஒருவர் மட்டும் மாற்றக் கூடாது என்று அதிலேயே எழுத வேண்டும். உத்தரவை மீறிப் பெற்ற காலத்தை, குழந்தையின் வாழ்க்கையைக் குலைக்கக் கூடாது என்ற வாதத்துக்கு ஆதரவாகக் காட்ட முடியாது என்று 88(3) திருத்தப்பட வேண்டும். சிறார் நல அனுபவம் உள்ளவரின் ஆலோசனையை இயன்றபோதெல்லாம் பெறச் சொல்லும் அச்சட்டத்தின் 100ஆம் பிரிவிலுள்ள ‘இயன்றபோதெல்லாம்’ நீங்க வேண்டும். பெற்றோரின் வழக்கறிஞர்களுக்கு அப்பால் குழந்தைக்கென்று ஒரு வழக்கறிஞர் அமர வேண்டும். உரிமையில்லாத பெற்றோர் பிள்ளையைக் கொண்டுபோவதைக் குற்றமாக்கும் பிரிவும், மீட்பு உத்தரவுக்கு வழி செய்யும் பிரிவும் சிறார் சட்டத்தில் ஏற்கெனவே உள்ளன. அந்த உத்தரவோடு, இத்தனை நாளுக்குள் போலீஸ் நீதிமன்றத்துக்கு வந்து அறிக்கை தரவேண்டும் என்ற கெடுவும் சேர வேண்டும். சிறார் நீதிமன்றத்தின் கதவு குற்றம் நடந்த நாளின் வயதைப் பார்த்துத் திறக்க வேண்டும், குற்றச்சாட்டு வந்த நாளைப் பார்த்தன்று. 97ஆம் பிரிவின்கீழ் அடைக்கப்படும் பிள்ளைக்கு உச்சக் காலவரம்பை நீதிமன்றமே சொல்ல வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை சமூகத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்பச் சண்டை முற்றும்போது உறவினரும் கோயில் நிர்வாகத்தினரும் அரசியல் கட்சிக் கிளைகளும் முதலில் சமரசம் பேசுவதையே கடமையாகக் கருதுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் குழந்தை காணாமல் போன நிலையில் சமரசத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு மாதமும் குழந்தையை வைத்திருப்பவரின் கணக்கில் வரவாகிறது. அந்தக் கட்டத்தில் தாய்க்குச் செய்யக்கூடிய உதவி, அன்றைக்கே அவரைப் போலீஸ் நிலையத்துக்கும் சட்ட உதவி மையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அழைத்துச் செல்வது. பேச்சுவார்த்தை அதற்குப் பிறகும் நடக்கலாம்.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995இல் இணைந்தது. குழந்தைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் அதன் 12ஆவது விதியை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றது. அடைக்கப்பட்ட சிறார் அதை எதிர்த்து முறையிட்டால் விரைந்து முடிவு சொல்ல வேண்டும் என்னும் 37ஆவது விதியையோ நிபந்தனையோடுதான் ஏற்றது. கருத்தைக் கேட்பேன், ஆனால் காலத்துக்குள் கேட்பேன் என்று உறுதி தர மாட்டேன் என்பதாகிவிடுகிறது இந்த நிலைப்பாடு. பெரியவர்களின் வழக்கில் தாமதமானால் பணத்துக்கு வட்டி சேர்த்துக் கொடுக்கலாம், பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை ஒரு பிள்ளை தாயின்றிக் கழித்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. அதனால் குழந்தையின் வழக்கில் விரைவைச் சலுகையாகப் பார்ப்பது தவறு. அது நீதியின் உள்ளடக்கத்திலேயே ஒரு பகுதி. நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் எழுதித் தரும் நாளில்தான், குழந்தையின் நலனே தலையாயது என்ற கொள்கை கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்.